நீலமே ஆகாத பச்சை: கரியமில வாயுக் கருவி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

மூன்று நாள்களுக்கு முன், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மீன்களோடு நீர்ச்செடிகளும் வளர்க்கும் என்னுடைய 40 லிட்டர் செடித் தொட்டியில் 12 நியான் டெட்ரா மீன்களில் 8 செத்துக் கிடந்தன. மீதி நான்கும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இந்தக் காட்சியைப் பார்ப்பதற்கு நான் கொடுத்த விலை என் அரை மாதச் சம்பளம். கோபம் ஆறிவிட்டால் 'போகட்டும்' என்று விட்டுவிடக்கூடிய ஆள் நான் என்பது எனக்கே தெரியும். அதனால்தான் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். தொட்டிச் செடிகள் வளரக் கரியமில வாயு கொடுக்கும் இத்தகைய கருவியை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை அனைத்தையும் முடிவில் விரிவாகத் தருகிறேன்.

சிறு தொட்டிக்குக் கரியமில வாயு கொடுக்க ஆயத்த உருளை வாங்க வேண்டியதில்லை என்பது செடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் போட்டு மூடியில் குழாய் செருகினாலே வாயு வரும். நானும் ஓராண்டாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஈஸ்ட் நம் சொல்லுக்குக் கட்டுப்படாது. வெப்பம் கூடினால் பொங்கும், குளிர்ந்தால் தூங்கும், இரண்டு மூன்று வாரங்களில் ஓய்ந்துவிடும், இரவில் நிறுத்தவும் வழியில்லை. தொட்டியின் தரையில் பரப்பியிருந்த மான்டே கார்லோ செடி மஞ்சளாகிக்கொண்டே போனதால், சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேர்த்து வாயு எடுக்கும் எஃகுக் குடுவை அமைப்புக்கு மாறலாம் என்று முடிவு செய்தேன்.

தனி நபர்கள் தம்மிடமுள்ள பொருள்களை விற்கும் செயலி ஒன்றில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டிலேயே சொந்தக் கையால் சேர்த்துச் செய்தது, அழுத்தமானி, வாயுவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வு, மின்சாரத்தால் வாயுவைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, ஒரு பக்கம் மட்டுமே வழிவிடும் செக் வால்வு, நீரிலுள்ள வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் எல்லாம் உண்டு என்று விற்பவர் எழுதியிருந்தார். விலையைப் பார்த்துத் தயங்கினேன். ஆனால் நான் விலையைப் பேசுவதற்கு முன்பே அவர் என் தொட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். எத்தனை லிட்டர், விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, ரொட்டாலாச் செடியின் நுனி சிவக்கிறதா, இறால் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரவு பதினொரு மணிக்குக் கேட்ட கேள்விக்கு இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. "அண்ணா, இறால் இருந்தால் வாயுவை மெதுவாகக் கூட்டுங்கள், அவசரப்படாதீர்கள்" என்று அவர் எழுதியதைப் படித்தபோது, என் இறால்களின் மீது இவ்வளவு அக்கறை உள்ளவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று தோன்றியது. நான் விழுந்த இடம் அதுதான். அடுத்த நிமிடமே அரை மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன்.

கருவி வந்தது. பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தது. 200 கிராம் சிட்ரிக் அமிலம், 200 கிராம் சமையல் சோடா, அளந்த நீர் என்று அவர் கொடுத்த கலவைக் கணக்கிலும் தவறில்லை. டிராப் செக்கரில் அவரே ஊற்றி அனுப்பிய திரவத்தை நிரப்பித் தொட்டிக்குள் ஒட்டினேன். ஒட்டிய கணத்திலேயே அது பச்சையாக இருந்தது. நான் மகிழ்ந்துபோய் அவருக்குப் படம் அனுப்பினேன். "பார்த்தீர்களா அண்ணா, பச்சை இருக்கும்வரை பயமே இல்லை, செடி போதவில்லை என்று தோன்றினால் குமிழியைக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். டிராப் செக்கருக்குள் இருப்பது, கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள நீரில் அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறும் புரோமோதைமால் புளூ என்ற சாயம் கலந்த கரைசல். தொட்டி நீரில் வாயு குறைவாக இருந்தால் அது நீலம். லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் சேர்ந்தால் பச்சை. அளவு மீறினால் மஞ்சள். வாயுவைத் திறப்பதற்கு முன் அது நீலமாகத்தான் இருந்தாக வேண்டும், திறந்த பிறகும் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஓராண்டாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எனக்கு இது தெரியாததல்ல. பச்சையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், பச்சை தெரிந்தது, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பத்து நாள்களில், பச்சையை நம்பி, நொடிக்கு ஒரு குமிழியாக இருந்ததை மூன்றாக்கினேன். விளக்கு அணையும்போது சோலனாய்டு வால்வு 'டக்' என்று ஒலி எழுப்பும். வாயு நின்றுவிட்டது என்று நினைத்துப் படுத்துவிடுவேன். அது ஒலி மட்டும்தான் எழுப்பியிருக்கிறது. மீன்கள் செத்த அன்று விளக்கு எரியாத அந்த வேளையில் பார்த்தால், குமிழி எண்ணும் கண்ணாடிக் குழலில் குமிழிகள் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தன. இருளில் செடிகள் கரியமில வாயுவை எடுப்பதில்லை, தாமும் சேர்த்து வெளியே விடுகின்றன. நீரில் அது மிகுந்துவிட்டால் மீனின் உடலிலுள்ள வாயு செவுள் வழியாக வெளியேற முடியாமல் இரத்தம் அமிலமாகிவிடும். நீரில் ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகும். காற்றுக் குழாயைப் போட்டுப் பாதி நீரை மாற்றியதால்தான் நான்கு மீன்களாவது மிஞ்சின.

அப்போதும் டிராப் செக்கர் பச்சையாகவே இருந்தது. அதைக் கழற்றி, திரவத்தை ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, குழல் வைத்து ஐந்து நிமிடம் ஊதினேன். மூச்சுக்காற்றில் ஏறத்தாழ 4 விழுக்காடு கரியமில வாயு உண்டு. நிறம் மஞ்சளை நோக்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு துளி வினிகர் விட்டேன், பச்சை. வேறொரு கிண்ணத்தில் சிட்டிகை சமையல் சோடா போட்டேன், அதுவும் பச்சை. விரலால் தொட்டுத் தாளில் தேய்த்தால் பச்சைக் கறை. வெறும் சாய நீர். செக் வால்வைக் கழற்றி இரு முனையிலும் ஊதிப் பார்த்தால் இரு பக்கமும் காற்று தாராளமாகப் போகிறது. உள்ளே இருக்க வேண்டிய சவ்வே இல்லை. 200 கிராம் சமையல் சோடா முழுவதும் வினைபுரிந்தால் 50 லிட்டருக்கும் மேல் வாயு வரும். அழுத்தம் மீறினால் வாயுவை வெளியே விடுவதற்கென்று அவர் வைத்திருக்கும் பாதுகாப்பு வால்வைத் திறந்து பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

இனி அவருடைய பதில்களைச் சொல்கிறேன். முதலில், "கவலைப்படாதீர்கள், புதிய கரைசல் அனுப்புகிறேன்." மறுநாள், "கலவையின் அளவை மாற்றிவிட்டீர்கள் சார்." வாங்கும்வரை அண்ணாவாக இருந்த நான் இப்போது சார். சாய நீரைப் பற்றிக் கேட்டதற்கு, "மீன் என்றால் சாகத்தான் செய்யும் சார்." அதற்குப் பிறகு பதிலே இல்லை, ஆனால் விளம்பரம் இன்றும் அங்கேயே இருக்கிறது. செயலியின் உதவிப் பிரிவோ, கையால் செய்த பொருள்களுக்குப் பணம் திருப்பும் விதி பொருந்தாது என்றது; பொருந்தினாலும் கெடு ஏழு நாள்தான் என்றது; மிகவும் வற்புறுத்திய பிறகு படம் அனுப்பச் சொன்னது. செத்த மீன்களோடு டிராப் செக்கரும் தெரியும்படி படம் அனுப்பினேன். "படத்தில் அளவீட்டுக் கருவி சரியான நிறத்தைக் காட்டுகிறது, எனவே பொருளில் குறை இல்லை" என்று பதில் வந்தது. அரை மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய பொய்யை அவர்கள் எனக்கே சாட்சியாகக் காட்டினார்கள். அந்த வரியைப் படித்தபோது வந்த கோபம், மீன்கள் செத்தபோதுகூட எனக்கு வரவில்லை.

விரிவாகத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. டிராப் செக்கர் திரவம் முதலில் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துளி வினிகர் விட்டு மஞ்சளாகிறதா என்றும் பாருங்கள். செக் வால்வை இரு பக்கமும் ஊதிப் பாருங்கள். விளக்கு அணைந்து அரை மணி நேரம் கழித்துக் குமிழி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். கெடுவுக்குள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். அரை மாதச் சம்பளத்தை மட்டும் முகம் தெரியாதவருக்கு முன்கூட்டி அனுப்பாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நான்கில் ஒன்று மறுபடியும் நீர்மட்டத்துக்கு வந்துவிட்டது. நீர் மாற்றப் போகிறேன்.