டபுள் கெப்பில் வின்ச்: திருகோணமலைச் சேற்றிலும் உப்புக் காற்றிலும் சில வருடப் பாவனை

வின்ச், அதாவது புதைந்த வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்க முன்னால் பூட்டும் மின்சார இயந்திரம், வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது “இழுவை எத்தனை பவுண்ட்?” என்றுதான். அதற்கு முன்னால் உங்கள் வண்டி எங்கே புதைகிறது என்று யோசியுங்கள். என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ டபுள் கெப், 2.5 டீசல். மாரி காலத்தில் தம்பலகாமத்து வயல், மற்ற மாதங்களில் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் கரையில் மீன் ஏற்றுவது, இடையிடையே மூதூர் தாண்டி வெருகல் வரை. ஒரே வண்டி கொஞ்ச நாள் களிமண்ணில் புதையும், கொஞ்ச நாள் கடல் மணலில் புதையும், உப்புக் காற்று மட்டும் வருடம் முழுக்க விடாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திறந்தார்கள், இந்த இடைவெளியில் கையில் இருந்த வண்டியைக் காப்பாற்றுவதே பெரிய வேலையாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ட்ரக்டர்காரரைக் கூப்பிட்டு, அவர் சங்கிலியைக் கண்ட இடத்தில் மாட்டி இழுத்து பம்பரைக் கோணலாக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

சரி, பவுண்டுக்கு வருவோம். வழக்கமான கணக்கு, வண்டியின் முழுப் பாரத்தை ஒன்றரையால் பெருக்குவது. முழுப் பாரம் என்பது வெறும் வண்டியின் எடை அல்ல, ஆளும் சாமானும் ஏற்றிய பிறகு அனுமதிக்கப்பட்ட மொத்தம். எனக்கு அது 2,700 கிலோவை ஒட்டி வருகிறது, ஒன்றரை மடங்கு 4,050 கிலோ, பவுண்டில் 8,900 சொச்சம். அதனால் 9,500 பவுண்ட் வின்ச் எடுத்தேன், கிலோவில் 4,300. 12,000 எடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று பலர் கேட்டார்கள். அதில் மோட்டாரும் கியர்ப்பெட்டியும் பெரிதாக இருந்தால் வண்டியின் மூக்கில் பாரம் கூடும், சிலவற்றில் அதே மோட்டாரைப் போட்டு கியர் விகிதத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள், இழுவை கூடும் ஆனால் வேகம் குறையும். அதைவிட முக்கியம், பெட்டியில் அடித்திருக்கும் அந்த 9,500 என்பது டிரம்மில், அதாவது கயிறு சுற்றும் உருளையில், கயிற்றின் முதல் அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போது கிடைக்கும் இழுவை. கயிறு முழுவதும் சுற்றியிருந்தால் மேல் அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், சிலதில் அதற்கும் மேல். பக்கத்தில் உள்ள மரத்தில் கட்டி இழுத்துவிட்டு “வின்ச் சரியில்லை” என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தூர மரத்தைத் தேடுங்கள், அல்லது ஒரு கப்பியைப் போட்டுக் கயிற்றை இரட்டையாக்கி வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து மாட்டுங்கள். இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேகம் பாதி, மோட்டாருக்கும் பற்றரிக்கும் பாரம் குறையும். நல்ல கப்பி ஒன்றுக்குக் கொடுக்கும் காசு, பெரிய வின்ச்சுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசைவிட எவ்வளவோ குறைவு, எங்கள் களிமண்ணில் நான் கப்பி இல்லாமல் இழுப்பதே அரிது.

பிராண்ட் பற்றி நீட்ட விரும்பவில்லை. 1959இலேயே வாகனத்துக்கான மின்சார வின்ச் விற்கத் தொடங்கிய வார்ன் போன்றவர்களின் பொருளை வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், நான் எடுத்தது சீனத் தயாரிப்பு, ஓடுகிறது. மோட்டார் மட்டும் சீரிஸ் வூண்ட் வகையா (காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் வைத்தது) என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் மின்சாரம் கொஞ்சம் குறைவாக எடுக்கும், ஆனால் நீண்ட இழுவையில் சீக்கிரம் சூடேறிச் சக்தி இழக்கும், சேற்றில் இழுவை எப்போதுமே நீண்டதுதான்.

பொருத்துவதுதான் உண்மையான வேலை. பிளாஸ்டிக் பம்பரின் பின்னால் மறைவாக ஒரு தட்டு வைப்பதா, முழு இரும்பு புல் பார் போடுவதா என்பது முதல் கேள்வி. நான் மறைவுத் தட்டை எடுத்தேன், பாரம் குறைவு, எயார்பேக் சென்சருக்கும் தொந்தரவில்லை, ரேடியேட்டருக்குக் காற்றும் பெரிதாக மறைக்கவில்லை. தட்டை இங்கேயே வெட்டி அடித்தோம். வெல்டிங் பாஸ் நல்ல கைகாரர், ஆனால் “தம்பி, சேஸிஸோட சேர்த்து ஒட்டி விடுறன், பத்து வருஷத்துக்கு அசையாது” என்றார். “வேண்டாம் அண்ணை, போல்ட்டிலேயே பிடிப்பம்” என்று நின்றேன். காரணம் உண்டு: சேஸிஸ் இரும்பில் வெல்டிங் சூடு பட்ட இடம் அதன் பழைய பலத்தில் இருப்பதில்லை, வெடிப்பு விட்டால் அதன் பக்கத்தில்தான் விடும், பழுதானால் கழற்றவும் முடியாது. சேஸிஸின் இரண்டு முனைகளிலும் பம்பர் இரும்பு பிடித்திருக்கும் துளைகள் கம்பனியே கொடுத்தவை, தட்டின் பக்கக் கைகளை அவற்றுக்கு அளவெடுத்து அடித்தால் இழுவை இரண்டு பக்கமும் சமமாகச் சேஸிஸுக்குள் போகும்.

வின்ச்சின் அடியில் நான்கு துளைகள் இருக்கும். 8,000 முதல் 12,000 பவுண்ட் வரையான பெரும்பாலான வின்ச்களில் அவற்றின் இடைவெளி 254க்கு 114 மில்லிமீட்டர்தான், அதனால் பிறகு வின்ச்சை மாற்றினாலும் தட்டை மாற்ற வேண்டி வராது. போல்ட்டின் தலையில் 8.8 என்ற பலக் குறி அடித்திருக்கிறதா பாருங்கள், ஒன்றும் அடிக்காத சாதா போல்ட்டை வின்ச்சுக்குப் போடவே கூடாது. பெயின்ட் அடிக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே பூட்டி, டிரம்மைக் கியரிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் கைபிடிக்குக் கை எட்டுகிறதா, பொனட் மூடுகிறதா, நம்பர் பிளேட் மறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். கயிறு டிரம்மின் எந்தப் பக்கத்தால் வர வேண்டும் என்று அதில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், பெரும்பாலும் அடிப்பக்கத்தால். அதைத் திருப்பிச் சுற்றினால் உள்ளே இருக்கும் பிரேக் பாரத்தைப் பிடிக்காது. சரிவில் வண்டி தொங்கிக்கொண்டு நிற்கும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தட்டும் வின்ச்சும் சேர்ந்து முன்பக்கம் நன்றாக இறங்கியதால் முன் ஸ்பிரிங் இரண்டையும் ஒரு படி கடினமானதாக மாற்றினேன், ஸ்டியரிங் பழையபடி வந்தது.

மின்சாரப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுப் பாரத்தில் இந்த அளவு வின்ச் 400 அம்பியர் வரை கேட்கும், கெப்பின் ஆல்டர்நேட்டர் தருவது அதில் சிறு பகுதி, மிச்சம் பற்றரியிலிருந்துதான். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் இழுத்து, நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, மறுபடி இழுங்கள். நெகட்டிவ் வயரை வண்டியின் இரும்பு உடம்பில் பூட்டாமல் நேரே பற்றரிக்கே கொண்டுபோங்கள். பொசிட்டிவ் வயரில் ஒரு கட்-ஓப் சுவிட்ச் கட்டாயம், பாவிக்காத நேரம் அது ஓப்பிலேயே இருக்க வேண்டும்.

இனிக் கயிறு. கம்பிக் கயிறா, செயற்கை நார்க் கயிறா என்று இங்கே கேட்டால் பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்வார்கள். கம்பி கல்லிலும் மணலிலும் உரசினால் தாங்கும், வெயிலைப் பொருட்படுத்தாது. ஆனால் கடற்கரையில் அதற்கு ஆயுள் குறைவு, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள் இழைகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும், ஒரு இழை அறுந்தால் அந்த முள் கையுறையையும் துளைத்து உள்ளங்கைக்குள் போகும். அறுந்தால் திரும்பி அடிக்கும் வேகம் இன்னும் பயங்கரம். என் வின்ச்சுடன் வந்தது கம்பிதான், ஒரு மாரி முடிந்ததும் நார்க் கயிற்றுக்கு மாற்றினேன். நார்க் கயிறு இலேசு, ஈரத்தில் துருப்பிடிக்காது, சேற்றுக்குள் இடுப்பளவு நின்றுகொண்டு தோளில் போட்டு மரம்வரை இழுத்துப் போகலாம். அதன் எதிரிகள் மூன்று: வெயில், மணல், சூடு. வெயிலுக்கு மேலுறை போட்டிருக்கிறேன். சூடு வருவது டிரம்மிலிருந்து, பிரேக் டிரம்மின் உள்ளேயே இருக்கும் வின்ச்களில் மோட்டாரால் கயிற்றை நீளமாக வெளியே விட்டால் டிரம் சூடாகி முதல் அடுக்கு உருகலாம். அதனால் வெளியே எடுக்கும்போது எப்போதும் கிளட்சைக் கழற்றிக் கையால்தான் இழுப்பேன்.

மணலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு தடவை கடற்கரையில் இழுத்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து எதிரெதிராகத் தள்ளிப் பாருங்கள். பின்னல் விரியும், உள்ளே மாவு போல மணல் உட்கார்ந்திருக்கும். பாரம் ஏறும் ஒவ்வொரு தடவையும் அது உள்ளிருந்து நாரை அறுக்கிறது. நான் கயிற்றை முழுதாக எடுத்து பெரிய பேசினில் நல்ல தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் விட்டு ஊறவைத்து, பிசைந்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றி, நிழலில் காயவைத்து, பிறகு மெல்லிய ஏற்றத்தில் வண்டியைத் தானே இழுக்கவைத்துச் சுற்றுவேன். தளர்வாகச் சுற்றினால் அடுத்த இழுவையில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். கம்பியிலிருந்து நாருக்கு மாறுகிறவர்கள் கயிறு வெளிவரும் வாயையும் மாற்ற வேண்டும். பழைய இரும்பு உருளைகளைக் கம்பி கீறி வைத்திருக்கும், அந்தக் கீறல் நார்க் கயிற்றைப் பிய்த்துவிடும், வழவழப்பான அலுமினிய வாய் போடுங்கள்.

எதில் கட்டுவது என்பதுதான் எங்கள் ஊரின் பெரிய கேள்வி. வயல் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் மருத மரம் நிற்கும், அதைப்போல நம்பிக் கட்டக்கூடிய மரம் வேறில்லை, அகலப் பட்டியை அடிமரத்தில் போட்டால் பட்டையும் காயப்படாது. மணலில் நிற்கும் தென்னையை நான் நம்புவதில்லை. புல்மோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கரையில், மீன் பெட்டிகளோடு பின் சில்லு இரண்டும் அச்சுவரை இறங்கிவிட்டது, கண்ணுக்கெட்டிய தூரத்தில் மரமே இல்லை. ரயர் காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கியும் பார்த்தாயிற்று. வலை பிரித்துக்கொண்டிருந்த நானா ஒருவர் எழுந்து வந்து, வள்ளம் ஏற்றும் கட்டையைக் காலால் தட்டி, “தம்பி, இதத் தாட்டா நிக்காதா?” என்றார். இழுவைக்குக் குறுக்காக நெஞ்சளவு குழி தோண்டி, கட்டையின் நடுவில் பட்டியைச் சுற்றிப் படுக்கவைத்து, பட்டி வெளிவரச் சரிவாக ஒரு ஒடுங்கிய வெட்டு வெட்டி, மணலை மூடி மிதித்தோம். அந்தச் சரிவு வெட்டு இல்லாவிட்டால் பட்டி கட்டையை மேல்நோக்கித் தூக்கிவிடும், அதைத் தோண்டும்போதே நானாவுக்கு விளக்கினேன், அவர் மண்வெட்டியை வாங்கி என்னைவிட நேர்த்தியாக வெட்டினார். கட்டை கொஞ்சம் நகர்ந்து இறுகியது, அப்புறம் அசையவில்லை. வண்டி வந்தது. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் அனுப்பிவிட்டுத்தான் ரிமோட்டைத் தொட்டேன், கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கும் போட்டிருந்தேன். நார்க் கயிறு அடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சாக்கிளோ (பட்டியை இணைக்கும் இரும்பு வளையம்) கொளுக்கியோ பறந்தால் எந்தக் கயிறு என்று அது பார்ப்பதில்லை.

பராமரிப்பில் என்னை அதிகம் வேலை வாங்கியது கன்ட்ரோல் பெட்டி. தண்ணீர் புகாது என்று சொல்லித்தான் தந்தார்கள், ஒரு பருவக் காற்றுக் காலம் முடிந்து திறந்தால் சொலினொய்ட் (மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்) முனைகளில் பச்சைக் களிம்பு பூத்து, ஒரு நட் கழற்ற முடியாமல் ஒட்டிப்போயிருந்தது. சுரண்டிச் சுத்தமாக்கி, வாசலின் பூசி, பெட்டியையே எஞ்சின் அறைக்குள் பற்றரிக்குப் பக்கத்தில் மாற்றினேன், அதன்பின் பிரச்சினையில்லை. இழுத்துச் சூடான மோட்டாரை உடனே தண்ணீருக்குள் இறக்காதீர்கள், குளிரும்போது உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மாதம் ஒரு தடவையாவது கொஞ்சம் கயிறு விட்டுச் சுற்றுங்கள், சும்மா கிடக்கும் வின்ச்தான் தேவைப்படும் நேரம் மக்கர் பண்ணும்.

இப்போது கிளட்ச் கைபிடி இறுகிவருகிறது, இரண்டு கை போட்டால்தான் திரும்புகிறது. மழை தொடங்க முன், ஒக்டோபருக்குள் கியர்ப்பெட்டியைத் திறந்து பழைய கிரீஸை எடுத்துக் கழுவிப் புதிது போட வேண்டும், அதில் பல் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.