4.5 விநாடியும் 10 விநாடியும்: நாகர்கோவிலில் ஓர் இசட்4

இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களின் 0–100 கணக்கை, அதாவது நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆகும் விநாடிகளை, அடுத்தடுத்து எழுதிவைத்து, "எது பெரிய வண்டி?" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. என்னிடம் இருப்பது பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ, ஆட்டோமேட்டிக், துணிக்கூரையைத் திறந்து மூடக்கூடிய இரண்டு இருக்கைக் கார். சில ஆண்டுகளாக நாகர்கோவிலில்தான் ஓடுகிறது. முன் பம்பரின் அடித்தட்டை மாற்றிக்கொண்டு வண்டி திருவனந்தபுரத்திலிருந்து வந்து நின்ற அன்று, மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். பழைய இசட்4 ஒன்றும் பழைய போர்ஷே 718 பாக்ஸ்டர் ஒன்றும் அவருக்கு விலைக்கு வந்திருக்கின்றன. "அண்ணே, உங்களுடையது 4.5 விநாடி, அது 4.9. பிறகு என்ன யோசனை?" என்றார். யோசிக்க நிறைய இருக்கிறது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த 4.9. அது பிடிகே, அதாவது போர்ஷேயின் தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள சாதாரண பாக்ஸ்டரின் கணக்கு. தனியாகப் பணம் கொடுத்துச் சேர்க்கும் ஸ்போர்ட் க்ரோனோ பேக்கேஜ் இருந்தால் அதே கார் 4.7 விநாடியில் நூறைத் தொடும். கையால் கியர் மாற்றும் கார் என்றால் 5.1. ஒரே பெயர், ஒரே இன்ஜின், மூன்று எண்கள். எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் வீசுவது எந்த வகையில் நியாயம்?

இதைவிட எரிச்சலூட்டுவது 3.9. இசட்4 எம்40ஐ 3.9 விநாடியில் பறக்கும் என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே விற்ற காரின் திறன் 382 குதிரைத்திறன். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 340தான். அங்கே அளப்பது மணிக்கு 60 மைல் வரை, அதாவது 96.6 கிலோமீட்டர் வரை. போதாக்குறைக்கு, அமெரிக்கப் பத்திரிகைகள் சோதிக்கும்போது வண்டி முதல் ஓர் அடி தூரம் நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுகின்றன. டிராக் பந்தயங்களிலிருந்து வந்த வழக்கம் அது. அந்த ஓர் அடியிலேயே சுமார் 0.3 விநாடி மிச்சமாகிவிடும். இப்படிப் பிறந்த எண்ணை ஜெர்மன் கையேட்டின் 4.7க்குப் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களை நம்பித்தான் நம் ஆட்கள் வீட்டின் விலைக்குக் கார் வாங்குகிறார்கள்.

எண்களை ஒழுங்காகப் படித்தால் அவை நிறையவே சொல்லும். என் காரின் எடை ஓட்டுநர் இல்லாமல் 1,535 கிலோ, பிடிகே பாக்ஸ்டரின் எடை 1,365 கிலோ. பாக்ஸ்டருக்கு 300 குதிரைத்திறன், என் காருக்கு 340. ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: என் காருக்கு 221, பாக்ஸ்டருக்கு 220. கிட்டத்தட்ட சமம். அப்படியிருந்தும் என் கார் முந்துவதற்குக் காரணம் டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை. 500 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,600 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) முழுதாகக் கிடைக்கிறது. பாக்ஸ்டரின் இரண்டு லிட்டர் இன்ஜினுக்கு 380. அதற்கு 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி வரவேண்டும்.

டார்க் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஜாகுவார் எஃப்-டைப்பின் இரண்டு லிட்டர் காருக்கும் 300 குதிரைத்திறன்தான், டார்க் பாக்ஸ்டரைவிட அதிகமாக 400. அது நூறைத் தொட 5.7 விநாடி எடுத்துக்கொண்டது. எடை 1,500 கிலோவுக்கு மேல், இன்ஜினும் முன்னால். பாக்ஸ்டரில் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் சக்கரங்களை அழுத்தியபடி உட்கார்ந்திருப்பதால் கிளம்பும்போது டயர் வழுக்குவதில்லை. இன்னோர் உதாரணம் டொயோட்டா சுப்ரா. இந்தியாவுக்கு வரவில்லை. என் காரின் அதே ஆறு சிலிண்டர் இன்ஜின், அதே எட்டு கியர் பெட்டி. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் அதே தொழிற்சாலையில் உருவான கார். 4.3 விநாடி. துணிக்கூரையும் அதைத் தாங்கும் எடையும் இல்லாததால் அந்த 0.2 குறைகிறது. பிஎம்டபிள்யூவின் எம்2வை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 460 குதிரைத்திறனும் நான்கு இருக்கையுமாக வந்த கார் வேறு இனம்.

இனி நம் ஊருக்கு வருவோம். நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகும் சாலையில் யார் பூஜ்யத்திலிருந்து நூறு போகிறார்கள்? நான்குவழிச் சாலையில்கூடக் கார்களுக்கு 100தான் உச்ச வரம்பு. நமக்கு வேண்டியது வேறு. முன்னால் கல் ஏற்றிய டாரஸ் லாரி, எதிரே கொஞ்சம் இடைவெளி, 40லிருந்து 80க்குப் போய் இடப்பக்கம் திரும்பிவிட வேண்டும். அங்கேதான் அந்த 500 நியூட்டன் மீட்டர் என் உயிரைக் காக்கிறது. மிதியைப் பாதி அழுத்தினால் போதும். இன்ஜின் அலறுவதில்லை, கியர் பெட்டி தடுமாறுவதில்லை, வண்டி முன்னால் போயிருக்கும். இந்த இன்ஜினை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதன் ஒலியும் அப்படித்தான். பாக்ஸ்டரின் நான்கு சிலிண்டர் கரகரப்பு அதன் பக்கத்தில் நிற்காது.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்று உண்டு. கையேட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத எண் அது. கூரை திறக்கவோ மூடவோ 10 விநாடி. 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே செய்யலாம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. முட்டத்திலிருந்து மணவாளக்குறிச்சி போவதற்குள் வெயில் மாறிச் சாரல் விழும். வண்டியை ஓரங்கட்டாமல், வேகத்தை மட்டும் குறைத்து, பொத்தானை இழுத்துப் பிடித்தால் முதல் பெருந்துளி இருக்கையில் விழுமுன் கூரை மூடிவிடுகிறது. இந்த வசதி இல்லாதிருந்தால் நான் கூரையைத் திறந்தே இருக்க மாட்டேன். பாக்ஸ்டர் இங்கும் சளைத்ததில்லை: 9 விநாடி, அதே 50 கிலோமீட்டர். ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது மட்டும் மூடியே வைக்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பேச்சைக்கூடக் கேட்கவிடாது. அந்தப் பக்கக் காற்றிலும் கார் கோடு போட்டதுபோல் நேராகப் போகிறது.

அடித்தட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி பொதுச் சாலையின் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். என் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.47 மீட்டர்தான். விதிப்படி கட்டிய மேட்டில் நான்கு சக்கரமும் ஒருசேர ஏறி நிற்கும். வயிறு தட்டாது, மூக்கும் இடிக்காது. எங்கள் தெருக்களிலும் சானல்கரைச் (பாசனக் கால்வாய்க் கரை) சாலைகளிலும் இருப்பவை அப்படியா? ஒரு முழ அகலத்தில் தாரையும் ஜல்லியையும் குவித்து, வெள்ளைக் கோடுகூடப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். கார்க்காரனுக்கு அடித்தட்டு போகும். இரவில் பைக்கில் வருபவனுக்கு எலும்பே போகும். கட்டியவர் யார் என்று கேட்டால் ஒவ்வொரு அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. ஒவ்வொரு மேட்டையும் சாய்வாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கி, பின்னால் நிற்கும் ஆட்டோவின் ஹாரனைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது 4.5 விநாடி என்ற எண்ணே எனக்குக் கசக்கிறது.

இவ்வளவு பாராட்டியும் நண்பருக்கு என் பதில்: பாக்ஸ்டரை வாங்குங்கள். உறவினர் ஒருவரின் பாக்ஸ்டரைக் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வரை ஓட்டியிருக்கிறேன். ரப்பர் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் சாலை. முன் சக்கரத்தின் கீழே ஈரமா, சருகா, மண்ணா என்பது ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்தது. 170 கிலோ குறைவு என்பதன் பொருள் அங்கேதான் எனக்கு விளங்கியது. என் கார் நேர்ச்சாலையின் அரசன். ஆனால் நண்பர் வீடு இருப்பது வளைவுகளில். அவர் ஓட்டப்போவதும் குலசேகரம், திற்பரப்பு, கடையாலுமூடு பக்கம். அவருக்கு 380 நியூட்டன் மீட்டர் தாராளம். பெட்ரோல் 718 தயாரிப்பை 2025இல் நிறுத்திவிட்டதால் நல்ல பழைய கார் கிடைப்பது இனிக் கடினமாகும், தள்ளிப்போட வேண்டாம்.

ஸ்போர்ட் க்ரோனோ இருக்கிறதா என்று தேடி அலையாதீர்கள். வண்டியைத் தூக்கி முன் மூக்கின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. தேயாமல் கட்டை நிறைய இருந்தாலும் வயதான டயர் மழையில் பிடிக்காது. கூரையை மூடி, மேலே தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, வடிகால் துளைகள் வழியாக அது கீழே இறங்குகிறதா, கம்பளத்தில் ஈரம் தெரிகிறதா என்று கவனியுங்கள். ரப்பர் மரத்தடியில் நிறுத்தப்போகும் காருக்கு அந்தத் துளைகளைச் சருகு அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.