பட்ட மரத்தை வெட்டக் கொடுப்பதற்கு முன்: லிங்கராஜபுரத்தில் நாங்கள் ஏமாந்த கதை

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏறத்தாழ 40 அடி உயரத்துக்கு நின்ற மே ஃப்ளவர் மரம் சென்ற ஆண்டு கோடையில் துளிர்க்கவே இல்லை. மேலாகவே வேரோட்டும் அந்த மரத்தைச் சுற்றி, அடிமரத்தை ஒட்டியபடி சிமென்ட் தளம் போட்டவர்கள் நாங்கள்தாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் இறுதியில், மழைக்கு முன் அடித்த காற்றில் ஒரு கிளை முறிந்து பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் விழுந்ததும் எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தோடு, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர் என்ற அளவில் மரம் வெட்டும் மேஸ்திரி ஒருவரை அழைத்தோம்.

நம் தமிழ் பேசும் மனிதர் என்பதே எங்களுக்குப் பாதி நம்பிக்கையைத் தந்துவிட்டது. "பட்ட மரம்தானேம்மா, அரை நாள் வேலை" என்று என் தாயாரிடம் சொல்லி, 22,000 ரூபாய்க்குப் பேசி முடித்து, 12,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டார். அனுமதி வாங்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கும் "பட்ட மரம்தானே சார், யார் கேக்கப்போறாங்க?" என்றார். நான் விடாமல் வற்புறுத்தியபோது, கைப்பேசியில் வட்ட முத்திரையுடன் ஒரு கன்னடக் கடிதத்தைக் காட்டி, அதை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவைத்தார். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியும்; ஆனாலும் முத்திரையைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன 'பட்ட மரம்தானே' என்ற அந்த ஒரு சொல்லே, வேலை எளிது என்பதிலும் அனுமதி வேண்டாம் என்பதிலும் என இரண்டு வகையில் பொய்யாக முடிந்தது.

வேலைக்கு வந்த மூன்று இளைஞர்களும் ரப்பர் செருப்பு அணிந்திருந்தார்கள். தலைக்கவசம் எவரிடமும் இல்லை. இயந்திர ரம்பம் ஒன்றும், முறுக்கு தளர்ந்து பிசிர் கிளம்பிய தேங்காய் நார்க் கயிறு ஒன்றுமே அவர்கள் கொண்டுவந்த கருவிகள். மரத்தின் கவையில், அதாவது அடிமரம் கிளைகளாகப் பிரியும் இடத்தில், கயிற்றை வீசிக் கட்டி, இருவர் கொல்லைப் பக்கம் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் அடியில் ரம்பத்தை வைத்தார். பச்சை மரமாக இருந்தால், சாய வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் அறுக்கும்போது, நடுவில் அறுக்காமல் விடப்படும் மெல்லிய மரப்பகுதி கதவுக் கீல்போல மடங்கி, மரத்தை நாம் நினைத்த பக்கம் கொண்டுசெல்லும். பட்ட மரத்தில் அந்தப் பகுதியின் நார் உலர்ந்து போயிருப்பதால், மடங்குவதற்குள் பட்டென்று முறிந்துவிடும். உள்ளே உளுத்திருந்தால் அதற்கும் முன்பே முறியலாம். எங்கள் மரம் அடியில் முறியக்கூட இல்லை. ரம்பத்தின் அதிர்விலும் கயிற்றின் இழுப்பிலும் கவைக்கு மேலிருந்த பகுதி அப்படியே பிளந்து, இழுத்த திசைக்கு நேர் எதிராக, பக்கத்து வீட்டு சஜ்ஜாவின் (சன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் தளத்தின்) மீதும் தண்ணீர்த் தொட்டியின் மீதும் விழுந்தது. இரண்டடி விட்டமும் மூன்றடி நீளமும் உள்ள காய்ந்த துண்டே 100 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அப்படிப்பட்ட ஒரு துண்டு, ரம்பம் பிடித்திருந்த பையனின் காலிலிருந்து ஒரு முழத் தொலைவில் தரையைக் குழித்துக்கொண்டு நின்றது. அவன் ரம்பத்தை அணைக்கவும் மறந்து நின்றுகொண்டிருந்தான்.

கிரேன் கொண்டுவருவதாகச் சொல்லிப் போன மேஸ்திரி, பாதி அறுபட்ட அடிமரத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் போனதோடு சரி, அதன்பின் தொலைபேசியையும் எடுக்கவில்லை. அன்றிரவுதான் அந்தக் கடிதத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். பெங்களூருவின் இன்னொரு பகுதியான ஜே.பி. நகரில் ஒரு முகவரி. அதற்கும் முந்தைய ஆண்டின் தேதி. மர வகை என்ற இடத்தில் 'சில்வர் ஓக், 2' என்று எழுதியிருந்தது.

1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, விலக்கு அளிக்கப்பட்ட சில வகைகளைத் தவிர, சொந்த மனையில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். மரம் பட்டுப்போயிருந்தாலோ, உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தாக நின்றாலோ அனுமதியை மறுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆக, முறையாகக் கேட்டிருந்தால் கிடைக்கக்கூடிய ஒன்றுக்காகவே இன்னொருவருடைய கடிதத்தை நம்பியிருக்கிறோம். அனுமதிக் கடிதத்தை உங்கள் பெயரில், உங்கள் முகவரிக்கு, உங்கள் மரத்தின் வகையும் எண்ணிக்கையும் குறித்து நீங்களே கையில் வாங்குங்கள். வெட்டுபவர் கொண்டுவரும் படத்தை ஏற்காதீர்கள்.

மாநகராட்சி வனப்பிரிவில் நடந்ததைச் சொல்லி விண்ணப்பித்தபோது, அனுமதி இல்லாமல் வெட்டியதற்கான விளக்கத்தையும் நாங்களே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அனுமதி வந்தபின் அழைத்த இரண்டாவது குழுவினர், விலை பேசுவதற்கு முன்பே அடிமரத்தைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டி, ஓசை மாறும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்தார்கள். தூரில் தட்டுத்தட்டாக முளைத்திருந்த காளானைக் காட்டி, உள்ளே உளுத்துவிட்டது, இந்த மரத்தில் ஆள் ஏறக்கூடாது, கயிற்றையும் மரத்தில் கட்டக்கூடாது என்றார்கள். கொல்லை ஓரமாகப் போகும் மின்கம்பிக்கு, மின் விநியோக நிறுவனமான பெஸ்காமில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்தபிறகே, தூக்கியுடன் கூடிய வண்டியில் நின்று, உச்சியிலிருந்து இரண்டிரண்டு அடித் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் வண்டியிலிருந்தே இறக்கினார்கள். மீந்து நின்ற 15 அடி மரத்துக்கே 19,000 ரூபாய் ஆயிற்று. பக்கத்து வீட்டாருக்குப் புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டோம். சஜ்ஜாவைப் பூசும் கொத்தனார் வரும் வியாழக்கிழமை வருகிறார்.