சிறு இன்ஜினுக்கு எத்தனால் இல்லாத பெட்ரோல்: பங்க்கிலா, டப்பாவிலா?

தினமும் ஓடுகிற இயந்திரத்துக்கு இந்தத் தேடலே வேண்டாம். பெரும்பாலான சிறு இன்ஜின்களின் கையேடுகள், பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலை 10 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. டாங்க் சீக்கிரம் காலியாவதால் பெட்ரோல் கெடுவதற்கு அவகாசமும் இருக்காது. மாதக்கணக்கில் ஓய்வில் கிடக்கும் சங்கிலி ரம்பம், புதர்வெட்டி, ஜெனரேட்டர் போன்றவற்றுக்குத்தான் கவலைப்பட வேண்டும்.

எத்தனாலை நீக்க, பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பிரிக்கும் வழி ஒன்று உண்டு. அதைத் தொடவே வேண்டாம். எத்தனால் தரும் ஆக்டேனையும் (இன்ஜினுக்குள் நேரம் தவறி வெடிக்காமல் தாங்கும் திறன்) சேர்த்துக் கணக்கிட்டுத்தான் அந்தப் பெட்ரோலைத் தயாரிக்கிறார்கள். அதைப் பிரித்தால் ஆக்டேன் சரியும். சிறு விமானங்களுக்கான பெட்ரோலில் எத்தனால் இல்லை என்றாலும், பரவலாகக் கிடைக்கும் வகையில் ஈயம் இருக்கிறது. அந்தப் புகையைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுவாசிக்க நான் தயாரில்லை.

மிஞ்சுவது இரண்டு: பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலக்காத பெட்ரோல், டப்பாவில் அடைத்து விற்கும் ஆல்கைலேட் பெட்ரோல், அதாவது எத்தனால் இல்லாமல் தூய்மையாகத் தனியே தயாரிக்கும் வகை. நான் தேர்ந்தெடுத்தது ஆல்கைலேட்.

காரணம் ஒன்றே ஒன்று: கிடப்பில் தாங்கும் காலம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈ10 பெட்ரோலில் (10 சதவீத எத்தனால் கலந்தது) லிட்டருக்கு ஏறக்குறைய 5 மி.லி. தண்ணீர் சேர்ந்தாலே எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். குளிர்ந்தால் அதைவிடக் குறைவே போதும். டாங்க்கிலிருந்து இன்ஜின் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆபத்து அதிகம். அந்த அடி நீரில் ஆயில் சரியாகக் கலக்காது, உராய்வைத் தடுக்க எதுவும் இருக்காது.

எத்தனால் இல்லாவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பங்க் பெட்ரோலுக்கு முதுமை வேறு வழியில் வரும். எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் போய்விடும்; அதிலுள்ள ஒலிஃபீன்கள் என்ற சேர்மங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவே. அதை அடைக்கக் கொஞ்சம் பிசின் போதும். எனவே கெடுவதைத் தாமதப்படுத்தும் ஸ்டெபிலைசர் ஊற்றவேண்டும், ஓய்வுக்கு முன் டாங்க்கை வடிக்கவேண்டும். ஆல்கைலேட்டில் ஒலிஃபீனும் பென்சீனும் ஏறக்குறைய இல்லை. திறக்காத டப்பா ஆண்டுக்கணக்கில் கெடாது. நீண்ட ஓய்வுக்குப் பிறகும் என் ரம்பம் வழக்கம்போலவே கிளம்புகிறது. வடிக்கும் வேலையை நான் விட்டே விட்டேன். புகை நெடியும் வெகுவாகக் குறைவு.

விலைதான் உதைக்கும், சாதாரணப் பெட்ரோலைவிடப் பல மடங்கு. ரம்பம் குடிக்கும் அளவுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மணிக்கணக்கில் ஓடும் ஜெனரேட்டருக்குக் கட்டுப்படியாகாது. அதற்குப் பங்க்கில் எத்தனால் இல்லாததை வாங்கி, ஓய்வுக்கு முன் வடித்துவிடுவதே சரி. பிரீமியம் என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. அதிலும் எத்தனால் இருக்கலாம். அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் சிறிது தண்ணீரும் அதைப்போல் பத்து மடங்கு பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தெளிந்தபின் அடியிலுள்ள நீர்மட்டம் உயர்ந்திருந்தால் எத்தனால் இருக்கிறது.

என் இயந்திரங்கள் புதிதிலிருந்தே ஆல்கைலேட்டில் ஓடுபவை. பழையதை மாற்றிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. பல ஆண்டுகள் சாதாரணப் பெட்ரோலில் ஊறி உப்பிய ரப்பர் சீல்கள், மாற்றியதும் சுருங்கிக் கசியக்கூடும். அப்படிப்பட்ட இயந்திரம் என்றால், மாற்றும்போதே பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரிலுள்ள டயாபிரம் என்ற சவ்வையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.