லண்டன் தபாஸ் உணவகம்: இபெரிக்கோ விலையில் செரானோ

மத்திய லண்டனில், நாடக அரங்குகள் நெருங்கியிருக்கும் பகுதியில் உள்ள ஒரு ஸ்பானிய தபாஸ் (சிறு சிறு தட்டுகளாகப் பகிர்ந்து தின்னும் உணவு) உணவகத்தில் நான்கு பேர் சாப்பிட்டோம். பில் 228 பவுண்டு 38 பென்ஸ். லண்டனில் வெளியே சாப்பிட்டால் செலவாகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்தத் தொகையில் பாதிக்கு மேல் மூன்று விஷயங்களுக்காகப் பிடுங்கப்பட்டது: நாங்கள் கேட்காமலே மேசைக்கு வந்தவை, விலை என்ன கணக்கில் என்று சொல்லாமல் விற்றவை, ஒரு பெயரைச் சொல்லி வேறொன்றைக் கொடுத்தவை. மூன்றாவதுதான் பெரிய மோசடி. அங்கே போகவிருக்கும் நம்மவர்களுக்காக நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

உணவுப் பட்டியலில் 'ஹமோன் இபெரிக்கோ தெ பெயோத்தா' ஒரு தட்டு 26 பவுண்டு என்று அச்சிட்டிருந்தது. ஸ்பெயினின் தென்மேற்கில் தெயேசா எனப்படும் ஓக் மர மேய்ச்சல் காடுகள் உண்டு. அங்கே இலையுதிர் காலம் தொடங்கி குளிர்காலம் முடியும்வரை ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும் இபெரிக்கோ இனப் பன்றியின் பின்னங்கால்தான் இது. உப்பிட்டு, பல மாதங்கள் காற்றில் உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் முதிர வைப்பார்கள். அந்த விலைக்கு நியாயம் இருக்கிறது. செரானோ என்பது பெரும்பாலும் சாதாரண வெள்ளைப் பன்றியின் கால். அதுவும் நல்ல உணவுதான், ஏழு மாதங்களிலேயே விற்பனைக்கு வந்துவிடலாம், விலையும் பல மடங்கு குறைவு. ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்றால் தட்டுக்குத் தட்டு கொள்ளை லாபம்.

எங்களுடன் வந்திருந்தவர்களில் ஒருவர் என் அலுவலகத் தோழி, எக்ஸ்ட்ரமதூராக்காரர். தெயேசாக்கள் பரந்து கிடக்கும் மாநிலம் அது. தட்டு வந்ததும் அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வாயில் போட்டார், மீதியைத் தள்ளி வைத்துவிட்டார். எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. துண்டுகள் வெளிர் இளஞ்சிவப்பு நிறம். கொழுப்பு ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பட்டையாக, குளிர்ப்பெட்டியிலிருந்து வந்த கெட்டித்தன்மையுடன் நின்றது. எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே தடிமன், இயந்திரம் சீவியது. பெயோத்தா என்றால் சதை கருஞ்சிவப்பாக இருக்கும், கொழுப்பு சதைக்குள்ளேயே நரம்பு நரம்பாக ஓடும், அறையின் சூட்டிலேயே பளபளத்து உருகத் தொடங்கும்.

மதுக்கூடத்தின் முன்னால் மரத் தாங்கியில் கறுப்புக் குளம்புடன் ஒரு முழுக் கால் நிறுத்தி வைத்திருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அதில் யாரும் கத்தி வைக்கவில்லை. வெட்டிய முகப்பு காய்ந்து கறுத்திருந்தது. ஆனாலும் பல மேசைகளுக்கு ஹமோன் தட்டுகள் சமையலறைக்குள்ளிருந்து போய்க்கொண்டே இருந்தன. கண்ணுக்குக் காட்டுவது ஒன்று, வாய்க்குக் கொடுப்பது வேறு.

தோழி ஸ்பானிய மொழியில் கேட்டார். பரிமாறிய இளைஞர் முகம் மாறி மேலாளரை அழைத்து வந்தார். "இது இபெரிக்கோதான், எங்கள் விநியோகஸ்தர் அப்படித்தான் தருகிறார்" என்றார் மேலாளர். "அப்படியானால் உறையைக் காட்டுங்கள்" என்றோம். உறை தூக்கி எறியப்பட்டுவிட்டதாம். அடுத்த தட்டை எங்கள் கண்ணெதிரே அந்தக் காலிலிருந்து வெட்டித் தர முடியுமா என்று கேட்டோம். ஹமோன் வெட்டுபவருக்கு இன்று விடுமுறை என்றார்.

உறையைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பெயினில் 2014-ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒவ்வொரு இபெரிக்கோ காலிலும் கணுக்காலைச் சுற்றி ஒரு வண்ணப் பட்டை பூட்டியிருக்க வேண்டும். கறுப்பு என்றால் நூறு சதவீத இபெரிக்கோ இனம், ஓக் கொட்டை தின்றது. சிவப்பு என்றால் ஓக் கொட்டை தின்ற கலப்பினம், 75 அல்லது 50 சதவீதம். பச்சை, திறந்த வெளியில் மேய்ந்து தீவனமும் தின்றது. வெள்ளை, கொட்டகையில் தீவனத்தால் வளர்ந்தது. சீவி உறையிலிட்டு விற்கும்போதும் இனச் சதவீதமும் தீனியும் உறைமேல் அச்சாகியிருக்கும். நேர்மையான கடைக்காரர் பட்டையைக் காட்டத் தயங்கமாட்டார், பெருமையோடு காட்டுவார். லண்டனிலேயே பரோ சந்தைப் பக்கம் போனால் கால்களை வரிசையாகத் தொங்கவிட்டு, கேட்டால் பட்டையைத் திருப்பிக் காட்டி, கையால் சீவித் தருபவர்களைப் பார்க்கலாம். ஸ்பானிய உணவின் மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. அந்த உணவை அவ்வளவு நேசிப்பதால்தான் இந்த ஏமாற்று என்னைச் சுடுகிறது.

மற்றவற்றுக்கு வருகிறேன். உட்கார்ந்ததுமே ஒலிவக்காய், வறுத்த பாதாம், இரண்டு தட்டு ரொட்டி வந்தன. யாரும் கேட்கவில்லை, விலையும் சொல்லவில்லை. பில்லில் 17 பவுண்டு 50 பென்ஸ். ஸ்பெயினிலும் பல ஊர்களில் ரொட்டிக்குத் தனியாக விலை போடுவார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கிரனாதா போன்ற நகரத்தில் ஒரு குவளை பியர் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு உணவு இலவசமாக வருவது இன்றைக்கும் வழக்கம். அந்த விருந்தோம்பலின் சாயலைக் காட்டி, "வரவேற்புக்காக" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு, பின்னால் பில்லில் ஏற்றுவது எந்த ஊர் வழக்கமும் இல்லை.

சிவப்பு இறாலுக்கு எதிரே வெறும் 9 என்று எழுதியிருந்தது. ஒரு தட்டு என்று சொன்னோம். "நால்வருக்கும் போதுமான அளவு கொண்டுவருகிறேன்" என்று சொல்லி ஆறு இறால் வந்தது. பில்லில் 54 பவுண்டு. ஒன்றின் விலைதான் 9 என்று பட்டியலில் எங்கும் இல்லை, வாயாலும் யாரும் சொல்லவில்லை.

சமையலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேசை தொண்ணூறு நிமிடத்துக்கு மட்டும்தான் என்பதால் எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டு இரண்டாக வந்து, பேசிக்கொண்டே பகிர்ந்து தின்பதுதான் தபாஸின் சுகமே. உருளைக்கிழங்கு பிராவாஸ் ஆறிப்போயிருந்தது. தோர்த்தியா எனப்படும் முட்டை, உருளைக்கிழங்கு அடையின் நடுப்பகுதி கொதித்தது, ஓரம் சில்லென்றிருந்தது. மைக்ரோவேவில் வைத்து எடுத்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

203 பவுண்டுக்கு மேல் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்றியிருந்தார்கள். பில்லின் அடியில், 'விருப்பத்தின் பேரில்' என்று பொடி எழுத்தில் இருந்தது. அதற்கும் மேல், அட்டை இயந்திரத்தை நீட்டியபோது டிப்ஸ் எத்தனை சதவீதம் என்று திரையில் மீண்டும் ஒரு கேள்வி. நம்மவர்களில் பலர் கூச்சத்தினால் இரண்டையும் கொடுத்துவிடுகிறார்கள். விருப்பக் கட்டணம் என்று எழுதியிருந்தால் அதை எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. பரிமாறுபவரின் வயிற்றில் அடிக்கிறோமே என்று தயங்கினால், சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொல்லிவிட்டு அவர் கையில் நேரடியாகக் கொடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இங்கே நடைமுறையில் உள்ள சட்டப்படி, டிப்ஸ் தொகையை முதலாளி பிடித்து வைக்காமல் ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும். எங்களுக்குப் பரிமாறிய இளைஞர்மேல் எந்தக் குறையும் இல்லை, அவருக்குத் தனியாகக் கொடுத்தோம்.

சேவைக் கட்டணத்தையும் கேட்காமல் வந்தவற்றையும் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு எடுத்தார்கள். இரண்டு தட்டு ஹமோனுக்கான 52 பவுண்டை மட்டும் விடவே இல்லை. அதற்குப் பதிலாக நால்வருக்கும் இனிப்பு மது இலவசம் என்றார் மேலாளர். மறுத்துவிட்டோம். ரசீதின் எங்கள் பிரதியிலும் அவர்கள் பிரதியிலும் 'ஹமோன் விலையை ஏற்காமல் செலுத்துகிறோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தட்டு, பட்டியல், தாங்கியில் இருந்த கால் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டோம்.

பிறகு மின்னஞ்சல் அனுப்பினேன். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி விற்ற பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும், பட்டியலில் அச்சிட்ட பெயரே அந்த விவரம் என்று சுருக்கமாக எழுதி, படங்களை இணைத்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. அட்டை தந்த வங்கியிடம் தொகையைத் திரும்பக் கேட்கப் போவதாக எழுதிய பிறகு ஒரு தட்டின் விலை, 26 பவுண்டு, கணக்கில் திரும்ப வந்தது. விளக்கமோ மன்னிப்போ கிடையாது. மற்ற 26 பவுண்டுக்காக வங்கியிடம் கோரிக்கை வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போன நண்பர் வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினார். அதே பெயர், இப்போது விலை 28. நான் மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணான 0808 223 1133-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அங்கிருந்துதான் உள்ளூராட்சி மன்றத்தின் வர்த்தகத் தரப் பிரிவுக்குத் தகவல் போகிறது. எந்தத் தபாஸ் உணவகத்திலாவது இதே போல உங்களுக்கும் நடந்திருந்தால் ரசீதையும் படத்தையும் வைத்துக்கொண்டு அழையுங்கள். அழைப்பு இலவசம்.