விக்கிப் பக்க வடிவமைப்பு: கையேடா, வார்ப்புருவா, முதலில் எழுதியவர் வழியா?

விக்கிப்பீடியாவைப் போல யாரும் தொகுக்கக்கூடிய ஒரு விக்கியில் பத்துப் பேர் எழுதத் தொடங்கினால் பக்கங்கள் பத்து விதமாக அமைவது இயல்பு. ஒருவர் பிரிவுத் தலைப்பைச் சமக்குறிகளுக்கு நடுவே முறையாக இடுவார். இன்னொருவர் அதே இடத்தில் ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். ஆனால் தடித்த வரி பொருளடக்கத்தில் இடம்பெறாது. அந்தப் பிரிவை மட்டும் தனியே திறந்து தொகுக்க இணைப்பும் கிடைக்காது. திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு தலைப்புக்குத் தலைப்பு தாவிப் படிக்கும் பார்வையற்ற வாசகருக்கு அப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாமல் போகும். பக்கங்களின் சீர்மையை நான் அழகின் கணக்கில் வைக்காமல் பயன்பாட்டின் கணக்கில் வைப்பது இதனால்தான்.

அந்தச் சீர்மையை எட்டப் பொதுவாக நான்கு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. எழுதிவைத்த நடைக் கையேடு ஒன்று; ஒரு முறை எழுதிவைத்துப் பல பக்கங்களிலும் அழைத்துப் பயன்படுத்தும் வார்ப்புருக்கள் இன்னொன்று; புதுப் பக்கம் தொடங்கும்போதே பிரிவுகளை நிரப்பித் தரும் சட்டகம் மூன்றாவது; பக்கத்தை முதலில் விரித்து எழுதியவரின் வடிவத்தையே பின்வருவோரும் தொடர்வது நான்காவது. இவற்றில் ஒன்றே போதும் என்று வாதிடுவோர் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள். என் கருத்தில், எந்த முடிவை எந்த வழியில் செயல்படுத்துவது என்று பிரித்துப் பார்க்காமல் தொடங்கும் உரையாடல் கரை சேர்வதில்லை.

கையேட்டின் பலம், அது காரணத்தையும் சேர்த்துச் சொல்ல முடியும் என்பதே. உரையாடல் பக்கத்தில் இருவர் முரண்படும்போது, 'இப்படி முடிவெடுத்தோம், இன்ன காரணத்தால்' என்று சுட்டிக்காட்ட ஓர் இடம் இருப்பது பெரிய நிம்மதி. ஆனால் புதிய பயனர் கையேட்டைப் படித்துவிட்டு எழுத வருவதில்லை; ஏற்கெனவே உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து, அதைப் பார்த்து எழுதுகிறார். அந்தப் பக்கம் பிழையான வடிவில் இருந்தால், கையேட்டில் எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும் பிழைதான் பரவும். மேலும், கையேட்டில் ஒரு விதியை மாற்றுவதால் பழைய பக்கங்கள் தாமாக மாறிவிடுவதில்லை.

இந்த இடத்தில்தான் வார்ப்புரு முந்துகிறது. ஒருவரின் பிறந்த நாளை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று கையேடு அறிவுரை சொல்லும். கட்டுரையின் முக்கியத் தகவல்களைச் சுருக்கிக் காட்டும் பெட்டியான தகவற்சட்டத்தின் வார்ப்புருவோ ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை மூன்று தனி மதிப்புகளாக வாங்கிக்கொண்டு வரிசையைத் தானே அமைத்துவிடும். எழுதுபவர் வரிசையைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. நாளைக்குச் சமூகம் மனம் மாறினால், வார்ப்புருவில் செய்யும் ஒரே ஒரு தொகுப்பு அதைப் பயன்படுத்தும் அத்தனை பக்கங்களிலும் புதிய வடிவத்தைக் கொண்டுவந்துவிடும்.

இதற்கான விலையும் சிறியதன்று. தொகு என்பதை அழுத்தியதும் கட்டுரையின் முதல் வாக்கியத்துக்கு முன்பே இரட்டை அடைப்புகளும் செங்குத்துக் கோடுகளும் இருபது, முப்பது வரிக்கு நீண்டால், எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்த வந்தவர்கூடப் பின்வாங்கிவிடுவார். குறியீடுகளைக் காட்டாமல், பக்கம் தோன்றும் விதத்திலேயே தொகுக்க உதவும் காட்சித் தொகுப்பியில் அதே வார்ப்புரு நிரப்பக்கூடிய படிவமாகத் தெரியும் என்றாலும், ஒவ்வொரு மதிப்புக்கும் விளக்கம் எழுதிவைத்திருந்தால்தான் அந்தப் படிவம் புதியவருக்கு உதவும். அந்த வேலையைத்தான் பல விக்கிகள் தள்ளிப்போடுகின்றன. அதோடு, பரவலாகப் பயன்படும் வார்ப்புருவில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் எல்லாப் பக்கங்களும் ஒரே நேரத்தில் சிதையும் என்பதால் அதைப் பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. அப்போது வடிவத்தை மாற்றும் உரிமை சிலர் கைக்குப் போய்விடுகிறது. தகவற்சட்டங்களைப் பற்றிய பூசல் ஆங்கில விக்கிப்பீடியாவில் 2013-இல், பயனர்களுக்கிடையிலான பூசல்களைத் தீர்க்கும் நடுவர் குழுவரை சென்றது. அங்கும் தகவற்சட்டம் கட்டாயமுமில்லை, தடையுமில்லை, அந்தந்தக் கட்டுரையின் உரையாடலில் முடிவு செய்யப்பட வேண்டியது என்பதே நிலைப்பாடு.

சட்டகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு முறை பிரதியாகி, அத்துடன் மூலத்தோடு தொடர்பை இழந்துவிடும். பிரிவுகளின் வரிசைக்கு நல்ல தொடக்கம் தரும். நிரப்பாமல் விட்ட வெற்றுத் தலைப்புகளையும் விட்டுச்செல்லும்.

முதலில் எழுதியவர் வழி சோம்பலான தீர்வாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரித்தானிய, அமெரிக்க எழுத்துக்கூட்டல்களுள் எதைக் கொள்வது என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியா கண்ட விடை ஏறத்தாழ இதுதான்: கட்டுரையின் பொருள் ஒரு நாட்டோடு நெருங்கிய தொடர்புடையதாக இல்லாவிட்டால், முன்பே நிலைத்த வடிவம் தொடர வேண்டும், ஒரே பக்கத்துக்குள் கலப்பு கூடாது. தேதிகளுக்கும் இதே போன்ற விதி உண்டு. அதற்கு முன் அங்கே முயன்று பார்த்த தொழில்நுட்பத் தீர்வு கவனிக்கத் தக்கது. தேதிகளை இணைப்பாக எழுதினால், ஒவ்வொருவருக்கும் அவரவர் விருப்ப வடிவத்தில் மென்பொருளே காட்டும் என்பது ஏற்பாடு. புகுபதிகை செய்து, விருப்பத்தேர்வையும் அமைத்தவருக்கே அது பலித்தது. ஏனைய வாசகர் அனைவரும் கலப்பு வடிவங்களையும், பயனற்ற நீல இணைப்புகளையுமே கண்டனர். 2008-இல் அந்த முறை கைவிடப்பட்டது. ஆனால் தேதி இணைப்புகளைக் கருவிகளால் மொத்தமாக நீக்க முற்பட்டபோது எழுந்த மோதல் 2009-இல் நடுவர் குழுவின் முன் நின்றது. தொகுப்பவர்கள் தங்கள் கண்ணுக்கு மட்டும் சீரான பக்கத்தைப் படைத்துக்கொண்டதன் விளைவு இது.

ஆகவே எந்த விதியைப் பேசுவதற்கு முன்பும் ஒரு கேள்வியைக் கேட்க விரும்புவேன்: இரண்டு வடிவங்களும் கலந்து கிடந்தால் வாசகருக்கு இழப்பு உண்டா? தலைப்பு நிலைகளில் உண்டு. ஒரே வகைக் கட்டுரைகளை ஒன்றுசேர்க்கும் பகுப்புகளின் பெயரில் உண்டு, ஏனெனில் ஒரே பொருள் இரண்டு பகுப்புகளாகப் பிரிந்துவிடும். வரிசைப்படுத்தக்கூடிய அட்டவணையில் தேதிகள் பல வடிவங்களில் இருந்தால் வரிசையே தவறாக வரும். இவற்றுக்குக் கண்டிப்பான விதி வேண்டும். முடிந்தவரை அதை வார்ப்புருவுக்குள் வைக்க வேண்டும். கட்டுரையின் இறுதிப் பிரிவை 'மேற்கோள்கள்' என்பதா 'சான்றுகள்' என்பதா என்பதைக் கையேட்டின் ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம். உரைக்குள் வரும் தேதியின் வடிவம் பக்கத்துக்குப் பக்கம் மாறினால் யாருக்கும் கெடுதல் இல்லை. அங்கே முதலில் எழுதியவர் வழியே நான் பரிந்துரைப்பது.

பல பக்கங்களைத் தானாகவே தொகுக்கும் நிரலான தானியங்கியை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. அது முடிவை நிறைவேற்றும் கருவி மட்டுமே. உடன்பாடு எட்டும் முன் அதை ஓடவிட்டால், அண்மைய மாற்றங்களின் பட்டியல் முழுவதும் வடிவத் திருத்தங்களால் நிரம்பி, உண்மையான விசமத் தொகுப்புகள் அதற்குள் மறைந்துவிடும். உரையாடல் பக்கத்தில் முன்மொழிவை வைத்து, மறுப்புக்குப் போதிய அவகாசம் தந்து, வெவ்வேறு வகையான சில பக்கங்களில் கையால் மாற்றிக் காட்டி, கைப்பேசித் திரையிலும் அவை சரியாகத் தெரிவதை உறுதி செய்த பிறகு, எஞ்சிய பக்கங்களைத் தானியங்கியிடம் ஒப்படைக்கலாம். ஒவ்வொரு தொகுப்பின் சுருக்கத்திலும் அந்த உரையாடலுக்கான இணைப்பு இருந்தால், தன் பக்கம் ஏன் மாறியது என்று கேட்டு வருபவர் நேராக அங்கே போய்த் தன் மறுப்பையும் எழுதலாம்.