மைதாவா, மில் கோதுமையா, கேழ்வரகா? வேலூர் வெயிலைத் தாங்கும் சார்டோ ஸ்டார்ட்டர்

கடை ஈஸ்ட் போடாமல், மாவையும் தண்ணீரையும் தானாகப் புளிக்கவிட்டு, அதைக் கொண்டு பொங்கவைக்கும் ரொட்டிதான் சார்டோ. அந்தப் புளித்த மாவுதான் ஸ்டார்ட்டர். இதன் செய்முறைகளில் பெரும்பாலும் குளிர் ஊர்களின் அடுக்களைக் கணக்குதான் இருக்கும். 'அறை வெப்பத்தில் 12 மணி நேரம் விடவும்' என்பார்கள். அந்த அறையில் 21, 22 டிகிரிதான் இருக்கும். சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடி ராத்திரியிலும் கீழே அனலை இறக்கிக்கொண்டிருக்கும். இந்தச் சூட்டில் எந்த மாவும் பொங்கிவிடும். பொங்கியது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் மைதா. கோதுமையின் தவிட்டில்தான் நமக்கு வேண்டிய ஈஸ்டும் பாக்டீரியாவும் அதிகம் ஒட்டியிருக்கும். மைதாவில் தவிடு கிடையாது, அதனால் தொடக்கம் மந்தமாக இருக்கும். பொங்க ஆரம்பித்த பிறகு கோடையில் சீக்கிரமே நீர்த்துப்போய், மேலே சாம்பல் நிறத் தண்ணீர் கட்டி, நெயில் பாலிஷ் போல ஒரு நெடி அடிக்கும். அது மாவு பசியோடு இருப்பதன் அடையாளம். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ரொட்டி மெத்தென்று வருவது மைதாவில்தான், அதை மறுக்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் மைதா ஸ்டார்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் வேண்டாம்.

என் ஓட்டு மில்லில் அரைத்த கோதுமைக்கு. நம் வீடுகளில் கோதுமையைக் கழுவி, மாடியில் காயவைத்து, மில்லுக்கு அனுப்புவது வழக்கம். ஸ்டார்ட்டருக்கு மட்டும் ஒரு கிலோவைக் கழுவாமல் கல், தூசி பொறுக்கிப் புடைத்துத் தனியாகக் கொடுங்கள். மேல்தோலில் இருக்கும் நுண்ணுயிர்களை நாமே ஏன் கழுவிவிட வேண்டும்? மில்காரரிடம் முன்னால் என்ன அரைத்தார் என்று கேட்பதும் முக்கியம். மிளகாய்த் தூளுக்குப் பிறகு என்றால் கொஞ்சம் காத்திருங்கள். அரைத்த மாவு கையில் பிடிக்க முடியாத சூட்டோடு வரும். அப்படியே டப்பாவில் அடைக்காமல், பேப்பரில் பரப்பி ஆறவிடுங்கள். தவிடும் தாதுக்களும் இருப்பதால் இந்த மாவு சட்டென்று உயிர் பிடிக்கும். தண்ணீரையும் நிறைய இழுக்கும், ஆகவே செய்முறைகளில் மைதாவுக்குச் சொல்லும் அளவு இதற்குச் சரிவராது.

கேழ்வரகைப் புளிக்கவைக்கப் புதிதாக யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஊர் இல்லை இது. மாவைக் கரைத்து ராத்திரி புளிக்கவிட்டு, மறுநாள் நொய் வெந்ததும் அதில் ஊற்றிக் கிண்டுகிற கூழ் வடாற்காட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றுவதும் அதைத்தான். ஆனால் கேழ்வரகில் குளூட்டன் இல்லை. வாயு உண்டாகும், அதைப் பிடித்து வைக்க இழுவை கிடையாது. குமிழி வரும், பாட்டிலில் இரண்டு மடங்கு ஏறாது. எனவே கேழ்வரகை மட்டும் நம்பி ரொட்டி போடாதீர்கள். கோதுமை ஸ்டார்ட்டரின் முதல் நாளில் ஒரு ஸ்பூன் கேழ்வரகு மாவு சேர்த்தால் நல்ல தூண்டுதலாக இருக்கும். மற்றபடி அதன் இடம் கூழ்ப்பானைதான், அந்த இடத்தை ரொட்டிக்காக யாரும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

இட்லி மாவை ஊற்றி ஆரம்பிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். அரிசி உளுந்தில் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் வேறு, கோதுமையில் நிலைக்கிற கூட்டம் வேறு. அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

எந்த மாவு எடுத்தாலும் இரண்டாம் நாள் பொங்குவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை, ஈஸ்டின் வேலை இல்லை. அப்புறம் புளிப்பு ஏறியதும் அந்தப் பாக்டீரியா அடங்கி, மாவு செத்தது போல ஓரிரு நாள் கிடக்கும். நிறைய பேர் கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தொடர்ந்து தீனி போட்டால், அதாவது பழைய மாவில் கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு புது மாவும் தண்ணீரும் சேர்த்துவந்தால், ஈஸ்ட் மெல்லத் தலையெடுக்கும்.

தீனி அளவில்தான் நம் ஊர்க் கணக்கு மாறுகிறது. பழைய மாவு, புது மாவு, தண்ணீர் மூன்றும் சமம் என்ற 1:1:1 கணக்கு கோடையில் மூன்று நான்கு மணி நேரத்திலேயே உச்சம் தொட்டு இறங்கிவிடும். அதற்குப் பதில் 20 கிராம் பழைய மாவுக்கு 100 கிராம் கோதுமை மாவு, 60 கிராம் தண்ணீர் போட்டு, சப்பாத்தி மாவு போலக் கெட்டியாகப் பிசைந்து வையுங்கள். கெட்டி மாவு நிதானமாகப் புளிக்கும். பாட்டிலைச் சுற்றி ஈரத்துணி கட்டி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் போடும் ஈர மணலில் புதைத்து வைத்தால் சில டிகிரி குறையும். வேலூரின் வறண்ட கோடையில் இது நன்றாகவே வேலை செய்கிறது, ஐப்பசி ஈரத்தில் அவ்வளவு பயன் இல்லை.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் வாயில் உப்புக் கரிக்கும் அளவுக்கு இருந்தால் கேன் தண்ணீரே நல்லது.

கடையில் கிடைக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதாதா? மாதத்துக்கு ஒரு தடவை ரொட்டி போடுகிறவர்களுக்குத் தாராளமாகப் போதும். வாரம் ஒரு ரொட்டியாவது போடுகிற வீட்டுக்குத்தான் ஸ்டார்ட்டர் பொருந்தும். ஒதுக்கும் பழைய மாவையும் வீணாக்க வேண்டாம்: அதில் கொஞ்சம் அரிசி மாவு, வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் சேர்த்துக் கரைத்து தோசை வார்க்கலாம், புளித்த மோர் ஊற்றத் தேவையே இருக்காது. ஊருக்குப் போகும்போது கெட்டி மாவாகப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் இரண்டு வாரம் தாங்கும். திரும்பி வந்ததும் இரண்டு வேளை தீனி போட்டுவிட்டு ரொட்டிக்கு எடுங்கள்.